புதன்கிழமைத் தண்ணீர்

நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினாள். புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தராம். ஆண்டு நிறைவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "அங்கிள், செடிகள வச்சி தண்ணி சுத்தம் பண்ணின திட்டத்துல தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதானாமே. உங்க அனுபவத்த ரெண்டு மூணு பக்கம் எழுதித் தாங்க. கொஞ்சம் சந்தோசமா எழுதுங்க" என்றாள்.

சந்தோஷமாகவே எழுதுகிறேன். ஓய்வூதியம் ஒழுங்காக வங்கிக்கு வருகிறது. இனி என்னை யாரும் இடமாற்றமும் செய்ய முடியாது. மலரில் இதைப் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் நாவலப்பிட்டிக்காரன். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்திலிருந்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் போத்தல் கழுவினேன். அதன்பிறகு நிரந்தர நியமனம் கிடைத்தது, நிரந்தரமாகப் போத்தல் கழுவினேன். இடையில் ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கேயும் முதல் நாள் போத்தல் கழுவுவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சிரிக்க வேண்டாம். தண்ணீரில் இருக்கும் நிக்கலை அளப்பதென்றால் பாதி வேலை போத்தலில்தான் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, தண்ணீர் கலந்து ஐதாக்கிய நைத்திரிக் அமிலத்தில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, தூசி படாத இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். மூடியை உள்பக்கம் விரலால் தொடக் கூடாது. இதில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்ல. என் வீட்டுச் சமையலறையில்கூட நான் கழுவிய கோப்பையை என் மனைவி தனியாக எடுத்து வைப்பாள்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். குண்டசாலைப் பக்கம் மகாவலி ஆற்றுக்கு இறங்கும் ஓர் ஓடை. அதற்கு மேலே, விளக்குகளுக்கும் வாகனச் சாமான்களுக்கும் நிக்கல் முலாம் பூசும் ஒரு பட்டறை. ஒருநாள் ஓடையில் மீன் செத்து மிதந்தது. சனங்கள் முறையிட்டார்கள். மறுநாளே போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தோம். நிக்கலும் குரோமியமும் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. பட்டறையைக் கூப்பிட்டு ஆலோசனை வழங்கினார்கள். எங்கள் ஊரில் ஆலோசனை என்றால் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

பட்டறைக்காரரோடு மல்லுக்கட்டுவதைவிடச் செடி வளர்ப்பது சுலபம் என்று எங்கள் பணிப்பாளர் கலாநிதி பரஞ்சோதி கண்டுபிடித்தார். ஓடையை மறித்து மூன்று சீமெந்துத் தொட்டிகள் கட்டினோம். அவற்றில் ஆகாயத்தாமரையை விட்டோம். குளங்களில் அது பரவிவிட்டால் அள்ளி எறிவதற்கு ஒரு திணைக்களம் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறது, நாங்கள் அதையே லொறியில் ஏற்றிவந்து வளர்த்தோம். செடி மேல் பிழை இல்லை. அதன் வேர் தாடி மாதிரித் தண்ணீருக்குள் தொங்கும், உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது உண்மைதான், நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

கலாநிதி பரஞ்சோதி யாழ்ப்பாணத்தவர். கலாநிதிப் பட்டம் வரை படித்த மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேசுவார், ஆனால் சப்பாத்தில் ஒரு சொட்டுப் படவிடமாட்டார். தொட்டிக் கட்டில் குடையோடு நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிய பிறகுதான் வாய் திறப்பார். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார், முடிவு பிடித்திருந்தால் முன்பக்கத்துக்கு வரவே மாட்டார். வெளியாட்கள் யாராவது பார்க்க வந்தால், எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்லுவார்:

"இந்தத் தாவரம் சம்பளம் கேளாது, லீவு கேளாது, சங்கம் வையாது. பேசாமல் தன்ர வேலையைச் செய்யும்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

தொட்டி கட்டிய காலம் பெற்றோல் வரிசைக் காலம். அலுவலக வானுக்குக் கிடைத்த எண்ணெயில் வாரத்துக்கு ஒரு பயணம்தான் போகலாம். அதற்குப் புதன்கிழமை என்று முடிவாயிற்று. பிறகு எண்ணெய் தாராளமாக வந்தது, புதன்கிழமை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மற்ற நாட்களில் வான் எங்கே ஓடியது என்று சிங்களச் சாரதியிடம் கேட்டால், "மாணிக்கம் மஹத்தயா, அத கேக்க வேணாம்" என்பார். புதன்கிழமையில் போயா, அதாவது பௌர்ணமி, வந்தால் அரசாங்க லீவு, அந்த வாரம் தண்ணீர் மாதிரி எடுப்பதே இல்லை.

ஒவ்வொரு புதனும் தொட்டிக்கு வரும் தண்ணீரில் ஒரு போத்தல், தொட்டியை விட்டுப் போகும் தண்ணீரில் ஒரு போத்தல். ஓட்டத்தைப் பார்த்து நின்று, அடிச் சேற்றைக் கலக்காமல் போத்தலைச் சரித்து அமிழ்த்த வேண்டும். நிரம்பியதும் சில சொட்டு அமிலம் விட்டு மூட வேண்டும். கூடவே காய்ச்சி வடித்த தண்ணீர் நிரப்பிய ஒரு போத்தலும் பயணம் வரும். அதையும் அங்கே திறந்து மூடித் திருப்பிக் கொண்டுவந்து சோதிப்போம். அது சுத்தமாக இருந்தால் எங்கள் கையும் சுத்தம், போத்தலும் சுத்தம் என்று அர்த்தம். முடிவுகள் அருமையாக வந்தன. மீன் செத்த நாளின் எண்ணையும் புதன்கிழமை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலாநிதி வரைபடம் கீறினார். பேராதனையில் ஒரு கூட்டத்தில் அதைக் காட்டியபோது கைதட்டினார்களாம். ஓடைக்கரையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுந்தது: இந்த நீர் தாவரங்களால் சுத்திகரிக்கப்படுகிறது.

அந்தப் பலகைக்குக் கீழேதான் சுகந்தியின் கீரைப்பாத்தி. மூன்றாவது தொட்டியிலிருந்து போகும் தண்ணீர் நேரே அதற்குள்தான் பாயும். எங்கள் மலையகத்துப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். கணவர் முச்சக்கரவண்டி ஓட்டினார். அவர் ஓட்டுவது வண்டிக்கே சரியாகப் போய்விடும், வீடு ஓடியது கங்குங் கீரையில். விடிய வெட்டிக் கட்டுக் கட்டிச் சந்தியில் விற்பாள். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, திட்டம் தொடங்கி ஒரு வருடம் போல் ஆனபோதுதான் வயிற்றில் தங்கியது. தினமும் கீரை சாப்பிடச் சொல்லி மிட்வைஃப் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் விற்றது போக ஒரு கட்டு வீட்டுக்கு.

நான் போத்தலோடு குனிந்திருக்கும்போது அவள் கரையில் நின்று கேட்பாள்.

"தண்ணி எப்பிடிங்கய்யா?"

"நல்லா இருக்குமா. போன கிழம எடுத்ததும் நல்லா வந்திருக்கு."

ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. கையில் காகிதம் இருந்தது, அதில் என் சுருக்கொப்பமும் இருந்தது.

பிறகு ஒரு மாதம் போயா செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் வழக்கம்போல எடுத்த தண்ணீரில், வருவதிலும் போவதிலும் நிக்கல் எக்கச்சக்கம். இயந்திரத்தில் கோளாறோ என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே எண். கலாநிதியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"மாணிக்கம், போத்தல் வடிவாய்க் கழுவேல்லைப் போல."

"கழுவினது நான்தான் சேர்."

"அதுதான் சொல்லுறன்."

"கூடக் கொண்டுபோன காய்ச்சி வடிச்ச தண்ணிப் போத்தலும் அதே நாள் அதே அமிலத்துல ஊறினது சேர். அதுல ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு."

"அது வேற போத்தல்தானே ஐசே" என்றார். என் எண்ணின் மேல் பச்சை மையால் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'மாதிரி மாசடைந்துள்ளது' என்று எழுதினார். அதாவது தண்ணீர் சுத்தம், மாணிக்கம்தான் அழுக்கு.

மனுஷனுக்கு ரோஷம் எதில் வரும் என்று சொல்ல முடியாது. பதவி உயர்வைத் தட்டிப் பறித்தபோது வராத கோபம் எனக்கு அன்றைக்குப் போத்தலில் வந்தது. வீட்டில் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, தண்ணீர் பேசினால் கேட்கமாட்டார், செடி பேசட்டும் என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செடியையும் சோதிக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. யாரும் செய்யவில்லை. புதன்கிழமை, வானில் போய், பதிவுப் புத்தகத்தில் எழுதி, முறைப்படி பத்துச் செடிகளைப் பிடுங்கினேன். சேறு போக அலசி, வேர் வேறு இலை வேறாக வெட்டி, நிறை மாறாமல் நிற்கும்வரை உலர் அடுப்பில் காயவைத்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து அளந்தேன். வேருக்குள் பட்டறையே இருந்தது. அவ்வளவு நிக்கல், அவ்வளவு குரோமியம்.

"சேர், வாற தண்ணியில இல்லாத சாமான் வேருக்குள்ள எப்பிடிப் போச்சு?"

"அதுதான் ஐசே, தாவரத்தின்ர திறமை!" என்றார் கலாநிதி. முகமெல்லாம் மலர்ச்சி. அந்த எண்ணையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். நான் விடாமல் அறிக்கைத் தாளில் 'குறிப்பு' என்ற கட்டத்தில், வரவும் இருப்பும் பொருந்தவில்லை என்று எழுதிவைத்தேன். அடுத்த மாதம் புதிய அறிக்கைத் தாள் அச்சடித்து வந்தது. அதில் 'குறிப்பு' என்ற கட்டம் இல்லை.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, கரையில் நின்ற சுகந்தியிடம் என் மனக்குறையைச் சொன்னேன். எங்கேயோ தண்ணீரில் பிழை இருக்கிறது, பிடிபடவில்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"போயா அன்னைக்கு வந்திருந்தா பாத்திருப்பீங்களேய்யா. கிரீம் சோடா கலர்ல வரும்."

"எப்ப வந்துச்சி?"

"மாசா மாசம் வருது. தொட்டி கட்டினதுல இருந்தே. அன்னைக்கு ஒங்களுக்குத்தானே லீவு, பட்டறைக்கு என்ன லீவு?"

"ஏம்மா இத இத்தன நாளும் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. வருவீங்க, போத்தல ரொப்பிக்கிட்டுப் போவீங்க. மிசின்ல பாக்குறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். அப்புறம் நீங்களும் வந்து நல்லா இருக்குன்னுதானே சொல்லுறீங்க."

முன்பு நினைத்த நேரமெல்லாம் கொட்டிய பட்டறைக்காரர், ஆலோசனை பெற்ற பிறகு ஒழுங்கானவராகிவிட்டார். மாதம் ஒருமுறை, எந்த அரசாங்க வாகனமும் வீதியில் இறங்காத நாளாகப் பார்த்துத் தன் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுகிறார். நாடே விகாரையில் சில் எடுத்து, நோன்பிருந்து புண்ணியம் தேடும் நாளில் அவருடைய கழிவு மகாவலிக்குப் போகிறது. எங்கள் தரப்பில் போயா லீவு எடுக்காதது அந்த ஆகாயத்தாமரை மட்டும்தான்.

இந்த இடத்தில் என் பிழையை நானே சொல்லியாக வேண்டும். அன்றைக்கே, அந்தக் கரையிலேயே, "அம்மா, இந்தக் கீரையைச் சாப்பிடாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் மாதிரி, பிறகு சோதனை, பிறகு மேலதிகாரியின் ஒப்பம், அதன்பிறகுதான் வாய். அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள், நானும் நன்றாகப் பழகியிருந்தேன். "பாப்போம்மா" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினேன். அவள் அன்றும் வீட்டுக்கென்று ஒரு கட்டை எடுத்து வைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன்.

அடுத்த போயாவுக்கு நாவலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறினேன். கண்டியில் இறங்கி, வெள்ளை உடுத்த சனக் கூட்டத்துக்குள் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்சைப் பிடித்தேன். பத்தரை மணி போல் தண்ணீர் நிறம் மாறியது. அவள் சொன்ன நிறமேதான். அரை மணிக்கு ஒரு போத்தலாக ஆறு எடுத்தேன். மறுநாள் அளந்தபோது, மீன் செத்த நாளின் எண்கூட இதற்குப் பக்கத்தில் வரவில்லை.

கலாநிதி தாளை வாங்கி, முதன்முறையாக முன்பக்கத்திலிருந்து வாசித்தார்.

"எந்த நாள் எடுத்தனீர்?"

"போயா அன்னைக்கு சேர்."

"வான்?"

"பஸ்ல போனேன்."

"பதிவுப் புத்தகத்தில இருக்கோ?"

"லீவு நாள்ல புத்தகம் பூட்டியிருக்குமே சேர்."

"அப்ப இது உம்மட சொந்தத் தண்ணி, ஐசே. அரசாங்கத் தண்ணி இல்லை." தாளை மடித்து என் பக்கமே தள்ளினார். குரலை இறக்கினார். "வாற கிழமை எங்கட திட்டத்தைப் பாக்க விருதுக் குழு வருது. நீரும் பென்சனுக்குக் கிட்ட நிக்கிறீர். ஏன் உமக்கு இந்தச் சோலி?"

நான் எழும்பினேன். கதவு வரைக்கும் போனபோது கேட்டார்.

"அந்தப் பிள்ளை இன்னும் அதில கீரை வச்சிருக்கோ?"

"ஆமா சேர். அஞ்சு மாசம் அதுக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு சொன்னார்: "பலகையில நாங்கள் சாப்பிடச் சொல்லி எழுதேல்லைத்தானே."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். சுகந்தி பாத்திக்குள் நின்று கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"இந்தக் கீரையச் சாப்பிடாதேம்மா. விக்கவும் விக்காத. தண்ணியில நஞ்சு இருக்கு. கீரைக்குள்ளயும் அது போயிருக்கும்."

அவள் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

"எப்பயிருந்து?"

"தொட்டி கட்டினதுல இருந்து."

"அப்ப நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னது?"

"புதன்கிழமைத் தண்ணிய வச்சிச் சொன்னதும்மா. அது நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஒரு வருசமா நீங்க சொன்னது தப்புன்னா, இன்னைக்குச் சொல்றத மட்டும் நான் எப்பிடி நம்புறது?"

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினேன். பிறகு, "அந்தப் பக்கம் ஆழம், இந்தப் பக்கமா வாங்க" என்று சொல்லிவிட்டு அவளும் பிடுங்கினாள். அவளுடைய சாப்பாட்டை அவள் கையாலேயே பிடுங்க வைத்தேன். பின்னேரம் பாத்தி வெறும் சேறாகக் கிடந்தது. ஒன்பது உரப்பை நிறைந்தது.

மாட்டுக்குப் போடவும் முடியாது, குப்பையில் கொட்டவும் முடியாது. அவள் கணவர் தன் முச்சக்கரவண்டியில் இரண்டு தடவை ஏற்றி, அலுவலகத்துக்கே கொண்டுவந்து இறக்கினார். அங்கே ஒன்பது பைக்கும் மாதிரி எண் போட்டுப் பதிந்தேன். எங்கள் அலுவலகத்தில் எண்ணோடு பதிந்த பொருளைச் சோதிக்காமல் விட முடியாது, விட்டால் காரணம் எழுதி ஒப்பமிட வேண்டும். காரணம் எழுத ஒருவரும் முன்வரவில்லை. சோதித்தார்கள். கீரையில் நிக்கல் இருந்தது. விருதுக் குழு வந்த அன்று மண்டப வாசலில் ஒன்பது பை அழுகிய கீரை நாறிக்கொண்டு இருந்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

விருது கிடைத்தது. ஆனாலும் எண் போட்ட சோதனைத் தாள் அலுவலகக் கோவைக்குள் போய்விட்டதால், விசாரிக்க ஒரு குழு நியமித்தார்கள். நான்கு மாதம் கூடினார்கள். கடைசியில், மாதிரி எடுக்கும் ஒழுங்கில் குறைபாடு இருப்பதாகக் கண்டு, இனிமேல் வியாழக்கிழமைகளிலும் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பட்டறைக்கு இன்னொரு தடவை ஆலோசனை வழங்கப்பட்டது. எனக்கு ஒரு விளக்கம் கோரும் கடிதம் வந்தது, அரசாங்க உலர் அடுப்பில் தனியார் கீரையைக் காயவைத்தது ஏன் என்று. ஓய்வு பெறும்வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சுகந்தி ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கப் போனாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று கணவர் சொன்னார். ஒரு நல்ல நாளாகப் பார்த்து, குழந்தைக்குச் சட்டையும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு போனேன். கதிரை எடுத்துப் போட்டாள். பால் தேத்தண்ணி தந்தாள். குழந்தை சிவப்பாக, நல்ல முடியோடு இருந்தது. என் மனைவியைப் பற்றி, நாவலப்பிட்டியில் மழை எப்படி என்று, எல்லாம் விசாரித்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் இருக்கும்போதே மிட்வைஃப் அம்மா வந்தார். குழந்தையைத் தராசுத் துணியில் போட்டு நிறுத்தார், காலைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். சுகந்தி அவருடைய முகத்தையே பார்த்தபடி கேட்டாள்:

"மிஸி, புள்ள நல்லா இருக்காளா? அந்தக் கீர சாப்பிட்டதுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே?"

"இப்பக்கி நல்லா இருக்கா. வளர வளரப் பாப்போம்" என்றார் மிட்வைஃப் அம்மா.

இரண்டு அடி தள்ளிக் கதிரையில் நான் இருந்தேன். அந்தக் கீரையில் எவ்வளவு நிக்கல் என்று தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். சுகந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டிருந்தால், தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.